தத்தும் வளர்ப்பும்
ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கிய ஆய்வைப் பற்றிய தமிழ்க் குறிப்பு ஒன்றில், ‘தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள்’ என்று படித்துத் திடுக்கிட்டேன். காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குடும்பங்களில் வளரவிட்டு, மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு அது. இரண்டு வயதுக்கு முன்பே வீடு கிடைத்த குழந்தைகளின் அறிவு வளர்ச்சி கூடுதலாக மேம்பட்டிருந்தது. ஆனால் அது தத்து அல்ல, ஃபாஸ்டர் கேர். தத்து, ‘கொடுக்கப்பட்டது’ எனப் பொருள்படும் ‘தத்த’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. கொடுத்தபின் பிள்ளை அந்த வீட்டுக்கே உரியது. ஃபாஸ்டரின் பழைய ஆங்கிலப் பொருளோ உணவு, ஊட்டம். ஊட்டி வளர்ப்பவருக்குப் பிள்ளை சொந்தமாகிவிட வேண்டியதில்லை. பெற்றவர்களிடமே திரும்பவும் கூடும். நம்மிடம் இதற்கு அருமையான சொல் இருந்தது: செவிலி. சங்க அகப்பாடல்களில் நற்றாய் பெற்றவள், செவிலி வளர்த்தவள்; உடன்போன மகளைத் தேடிப் பாலைவழியில் நடப்பவள் செவிலிதான். இன்று அச்சொல் மருத்துவமனைக்குப் போய்விட்டது. அதை மீட்பது குழப்பத்தையே தரும். ‘வளர்ப்பு மகன்’ என்றால் தத்துப் பிள்ளை என்றே பலரும் கொள்கிறார்கள். ஆகவே அடைமொழியைப் பிள்ளைமேல் ஏற்றாமல் வீட்டின்மேல் வைத்து, ‘வளர்ப்புக் குடும்பம்’ என்பேன். தாத்தா பாட்டியோ அத்தையோ வளர்த்தால் ‘உறவினர் வளர்ப்பு’ போதும். பிள்ளைக்குப் பிள்ளை என்ற பெயரே இருக்கட்டும்.