32 பொறியாளர்கள், 45 கோடி பயனர்கள் - வாட்ஸ்அப்பின் கதை

2014 பிப்ரவரியில் வாட்ஸ்அப்பை வாங்கப்போவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. விலை 1,900 கோடி டாலர்! அப்போது மாதந்தோறும் வாட்ஸ்அப் பயன்படுத்தியவர்கள் 45 கோடிப் பேர். சரி, அங்கே வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 55. அதிலும் பொறியாளர்கள் 32 பேர்தான். ஒரு பொறியாளருக்குச் சுமார் 1 கோடியே 40 லட்சம் பயனர்கள்!

இது எப்படிச் சாத்தியமானது?

தொடக்கம்

யான் கூம் உக்ரைனில் பிறந்தவர். 16 வயதில் தாயுடன் அமெரிக்காவின் மவுன்டன் வியூ நகருக்கு வந்து, அரசு உதவியில் வாழ்ந்தவர். பின்னர் யாஹூவில் பிரையன் ஆக்டனும் அவரும் பல வருடங்கள் ஒன்றாக வேலை பார்த்தார்கள். 2007-ல் இருவரும் வெளியேறினார்கள்.

2009 பிப்ரவரியில் கூம் வாட்ஸ்அப்பைத் தொடங்கியபோது அது அரட்டைக்கான மென்பொருளே அல்ல. முகவரிப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் "வேலையில் இருக்கிறேன்" என்பது போல நிலைத்தகவல் காட்டுவதுதான் திட்டம். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதே வருடம் ஜூனில், செயலி மூடியிருந்தாலும் அறிவிப்பு அனுப்பும் வசதியை ஆப்பிள் ஐபோனில் கொண்டு வந்தது. ஒருவர் நிலைத்தகவலை மாற்றினால் நண்பர்களுக்குச் செய்தி போனது. நண்பர்கள் தங்கள் நிலைத்தகவலை மாற்றியே பதில் சொல்ல ஆரம்பித்தார்கள்! கூம் அதைக் கவனித்தார், செயலியையே செய்தி அனுப்பும் மென்பொருளாக மாற்றி எழுதினார்.

பழைய மொழி, புதிய வேலை

சர்வர் பக்கத்தில் அவர்கள் எடுத்துக்கொண்டது எர்லாங் என்ற மொழி. ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் சக ஊழியர்களும் 1980-களில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கியது. லட்சக்கணக்கான இணைப்புகளை ஒரே நேரத்தில் கையாள வேண்டும், ஒன்று அறுந்தால் மற்றவை பாதிக்கப்படக் கூடாது, சர்வரை நிறுத்தாமலே நிரலை மாற்ற வேண்டும். தொலைபேசிக்குத் தேவையான இவை மூன்றும் வாட்ஸ்அப்புக்கும் தேவைப்பட்டன.

எர்லாங்கில் எழுதப்பட்ட இஜாபர்டி என்ற இலவச மென்பொருளில் தொடங்கி, அதைத் தங்கள் தேவைக்கேற்பப் பெருமளவு மாற்றி எழுதினார்கள். செய்தி போய்ச் சேர்ந்ததும் சர்வரிலிருந்து அழிக்கப்படும். அதனால் சேமிப்புச் சுமையும் குறைவு. 2012 ஜனவரியில் ஒரே சர்வரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்கிக் காட்டினார்கள். சர்வர்கள் குறைந்தால் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களும் குறைவாகவே போதும் அல்லவா?

எல்லோருடைய போனிலும்

ஐபோனோடு அவர்கள் நிற்கவில்லை. ஆண்ட்ராய்டு, பிளாக்பெர்ரி, சிம்பியன், ஏன், நோக்கியாவின் விலை குறைந்த எஸ்40 போன்களுக்கும் தனித்தனிச் செயலிகளை எழுதினார்கள். இந்தியா போன்ற நாடுகளில் மக்கள் கையில் இருந்தவை அந்த போன்கள்தானே! அப்போது பயனர் பெயர், கடவுச்சொல் எதுவும் கிடையாது. தொலைபேசி எண்தான் அடையாளம், போனில் உள்ள முகவரிப் பட்டியல்தான் நண்பர் பட்டியல்.

விளம்பரம் வேண்டாம்

விளம்பரம் வேண்டாம், விளையாட்டு வேண்டாம், வித்தை வேண்டாம் என்ற பொருளில் ஆக்டன் எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு கூமின் மேஜையில் இருந்தது. காரணத்தை 2012 ஜூனில் கூம் விளக்கினார். விளம்பரத்தை நம்பும் நிறுவனங்களில் பொறியாளர்களில் கணிசமானவர்கள் பயனர்களின் தகவலைத் திரட்டி அலசுவதிலேயே பொழுதைக் கழிக்கிறார்கள் என்றார். அந்த வேலையே இல்லாவிட்டால் 32 பேர் போதும்! இதில் கொள்கையும் இருந்தது, சிக்கனமும் இருந்தது.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. வருடக் கட்டணம் 99 சென்ட்தான், அதையும் பலர் கட்டவில்லை. 2013-ல் மொத்த வருமானம் சுமார் 1 கோடி டாலர். நிறுவனம் நின்றது முதலீட்டாளர்களின் பணத்தில். அவர்கள் ஒருநாள் லாபத்தை எதிர்பார்க்கத்தானே செய்வார்கள்?

பிறகு நடந்தது

2016 ஜனவரியில் கட்டணம் கைவிடப்பட்டது. ஏப்ரலில், அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாத குறியாக்கம் எல்லாச் செய்திகளுக்கும் வந்தது. ஆகஸ்டிலேயே பயனர் தகவல் சிலவற்றை ஃபேஸ்புக்குடன் பகிரும் புதிய விதிகளும் வந்தன. 2017-ல் ஆக்டனும் 2018-ல் கூமும் விலகினார்கள். எஸ்40 போன்களுக்கான ஆதரவு 2018 இறுதியோடு முடிந்தது. ஸ்டேட்டஸ் பகுதியில் விளம்பரம் வரப்போவதாக 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது.

எர்லாங் அங்கே தொடர்ந்தது. மேஜைச் சீட்டில் இருந்த 'விளம்பரம் வேண்டாம்' தொடரவில்லை. நல்ல நிரலை விலைக்கு வாங்கலாம். 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையோ விற்ற அன்றே வாங்கியவர் கைக்குப் போய்விடுகிறது. நாளை சொந்தமாக ஒரு சிறு நிறுவனம் தொடங்க நினைப்பவர்கள், எதை எழுதுவது என்று யோசிக்கும்போதே இதையும் கொஞ்சம் யோசித்துக்கொள்வது நல்லது.