கபரோனே பிறந்த கதை

இன்றைய போட்ஸ்வானா, பெச்சுவானாலாந்து என்ற பெயரில் பிரிட்டனின் காப்பரசாக இருந்த காலத்தில் அதன் எல்லைக்குள் தலைநகரமே கிடையாது. 1885இல் ஏற்பட்ட அந்தக் காப்பரசை அதிகாரிகள் எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்க மண்ணில் இருந்த மாஃபெகிங்கில் உட்கார்ந்துகொண்டே ஆண்டார்கள். வடக்கே போகும் வழி வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாது என்பதுதான் பிரிட்டனின் கவலை. கலகாரி மணலில் பணத்தைக் கொட்ட அதற்கு மனமில்லை.

சுற்றுவட்டாரத்தில் நடந்ததோ வேறு. மேற்கே, இன்றைய நமீபியாவில், 1904 முதல் ஹெரேரோ, நாமா மக்களை ஜெர்மானியப் படை கொன்று குவித்தது. கிழக்கே ரொடீசியாவில் நல்ல நிலமெல்லாம் வெள்ளையர் கைக்குப் போனது. தெற்கே, 1913ஆம் ஆண்டுச் சட்டம் கறுப்பின மக்களை நாட்டின் ஏறத்தாழ 7 சதவீத நிலத்துக்குள் அடைத்தது. பெச்சுவானாலாந்தில் மட்டும் பெரும்பகுதி நிலம் மக்களிடமே தங்கியது.

இதைப் பிரிட்டனின் பெருந்தன்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதே பிரிட்டனின் ஆளுகையில் இருந்த ஸ்வாசிலாந்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலம் அந்த மக்களை விட்டுப் போய்விட்டது. பெச்சுவானாலாந்தையும் சுரங்க முதலாளி சிசில் ரோட்ஸின் கம்பெனிக்குத் தாரை வார்க்கத்தான் பார்த்தார்கள். 1895இல் மூன்றாம் காமா, செபெலே, பாத்தோயன் என்ற அந்நாட்டின் மூன்று தலைவர்கள் கப்பலேறி இங்கிலாந்து போனார்கள். ஊர் ஊராகக் கூட்டங்களில் பேசி ஆதரவு திரட்டினார்கள்; விக்டோரியா மகாராணியையும் சந்தித்தார்கள். ரயில் பாதைக்கென்று எல்லையோரம் ஒரு பட்டை நிலத்தை விட்டுக்கொடுத்து மீதியைக் காத்தார்கள். அந்த ஆண்டு முடிவில் அந்தப் பட்டையிலிருந்தே ரோட்ஸின் ஆள் ஜேம்சன் பக்கத்து போயர் குடியரசான டிரான்ஸ்வால் மீது படையெடுத்துத் தோற்க, ரோட்ஸின் செல்வாக்கும் சரிந்தது.

1960களில் விடுதலை நெருங்கியபோது தலைநகரக் கேள்வி எழுந்தது. நிறவெறி ஆட்சியின் மண்ணில் செயலகத்தை வைத்துக்கொண்டு சுதந்திர நாட்டை நடத்த முடியுமா? லோபாட்சே உட்படச் சில ஊர்களைப் பார்த்துவிட்டு, கபரோனேயைத் தேர்ந்தார்கள். ரயில் பாதை பக்கத்தில் இருந்தது. நோட்வானே ஆற்றில் அணை கட்ட முடிந்தது. எல்லாவற்றையும் விட, அது அரசு நிலம். எந்த இனக்குழுவும் தன் தலைநகரம் என்று உரிமை கொண்டாட முடியாது. இவ்வளவு யோசித்து எடுத்த முடிவு அது என்பதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

1964இல் வேலை மும்முரமானது. 1965இல் நிர்வாகம் குடிபெயர்ந்தது. 1966 செப்டம்பர் 30 அன்று விடுதலை. ஒரு முனையில் அமைச்சகங்கள், மறுமுனையில் நகர மன்றம், நடுவே வண்டிகள் நுழையாத கடைவீதி என்று ஊரை அமைத்தார்கள். திட்டம் 20 ஆயிரம் பேருக்குத்தான். இன்று அங்கே 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அந்தக் கட்டடங்களை எழுப்ப வந்த கூலித் தொழிலாளர்களுக்கு வரைபடத்தில் வீடே இல்லை. தொழிற்சாலைக்கென ஒதுக்கிய நிலத்தில் அவர்கள் குடிசை போட்டார்கள். நலெடி என்ற அந்தக் குடியிருப்பை 1970களில்தான் அரசு ஊரின் பகுதியாக ஏற்று, தெருவும் குடிநீரும் கொடுத்தது. கபரோனே பிறந்தபோதே செய்த அநீதி இது.

1967இல் ஒராபாவில் வைரம் கிடைத்தது. அதே ஆண்டு வந்த சட்டம் கனிம உரிமையை இனக்குழுக்களிடமிருந்து நாட்டுக்கு மாற்றியது. ஒராபா இருந்தது முதல் அதிபர் செரெட்சே காமாவின் சொந்த மக்களுடைய நிலத்தில்தான். அந்தப் பணம்தான் சாலையாகவும் பள்ளியாகவும் மாறியது.

1980இல் ஒன்பது நாடுகள், தென்னாப்பிரிக்காவை நம்பியிருக்கும் நிலையைக் குறைக்கக் கூட்டமைப்பு தொடங்கியபோது, அதன் செயலகம் கபரோனேவுக்கு வந்தது. 1985 ஜூன் 14 அன்று தென்னாப்பிரிக்கப் படை எல்லை தாண்டி வந்து இந்த ஊரில் 12 பேரைக் கொன்றது. செயலகம் இடம் பெயரவில்லை. 1994இல், நிறவெறி ஆட்சி முடிந்ததும், தென்னாப்பிரிக்காவே அந்தக் கூட்டமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்தது.