விருதுக்கு உரியோர் யார்?

பண்டைத் தமிழ் வேந்தர் படைத்தலைவருக்கு ஏனாதிப் பட்டமும், அமைச்சருக்கும் வேளாண் தலைவருக்கும் காவிதிப் பட்டமும், வணிகப் பெருமக்களுக்கு எட்டிப் பட்டமும் அளித்துச் சிறப்பித்தனர் என்பதை நம் இலக்கியங்களும் உரையாசிரியர்களும் தெரிவிக்கின்றனர். பட்டத்துடன் மோதிரமும் பொற்பூவும் வழங்கப்பெற்றன. ஆயினும் அவற்றைப் பெற்றோருள் பெரும்பாலோரின் பெயர்கள் இன்று புலமை உலகத்திற்கு வெளியே வழங்கவில்லை. மாறாக, பொன்னமராவதிக்கு மேற்கே ஓங்கி நிற்கும் பிரான்மலையைக் காண்போர் அதனைப் பாரியின் பறம்புமலை என்றே சுட்டுகின்றனர். பாரிக்கு எந்தப் பேரரசனும் பட்டம் சூட்டவில்லை; மூவேந்தரும் அவன் மலையை முற்றுகையிட்டனர் என்பதே வரலாறு. எனினும் கபிலரின் நாவும் மக்களின் நினைவும் அவனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக நிலைநிறுத்தின. அதே மலையின் உச்சியில் அடங்கியுள்ள இறைநேசர் ஷைகு அப்துல்லாஹ் (ரஹ்) அவர்களின் தர்காவுக்கு எல்லாச் சமயத்தாரும் படியேறிச் செல்வதும் அரசாணையால் நிகழ்வதன்று.

அரசு தரும் சிறப்பு ஒன்று; மக்கள் தரும் சிறப்பு மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுபடுவது எப்போது? தகுதியை அளப்பவர் யார்? இவ்வினா நம் மார்க்க வரலாற்றிலும் மிகத் தொடக்கத்திலேயே எழுந்தது.

முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் பொதுநிதியை மக்களுக்குச் சமமாகவே பங்கிட்டார்கள். இஸ்லாத்தில் முந்தியவர்களுக்குக் கூடுதலாகத் தரலாகாதா எனக் கேட்கப்பட்டபோது, அவர்களுடைய சிறப்புக்குரிய கூலி இறைவனிடம் உள்ளது, இதுவோ வாழ்வாதாரம், இதில் சமத்துவமே நன்று என்னும் கருத்துப்பட விடையளித்தார்கள். அடுத்து வந்த உமர் (ரலி) அவர்கள் வேறு வழியை மேற்கொண்டார்கள். அண்ணலாரை எதிர்த்துப் போரிட்டவரையும் அவர்களுடன் நின்று போரிட்டவரையும் ஒரே தட்டில் வைக்க அவர்களின் மனம் ஒப்பவில்லை. எனவே பத்ருக் களம் கண்டோர் முதலாகப் படிநிலை வகுத்துத் ‘தீவான்’ பதிவேட்டை அமைத்தார்கள். இவ்விரு முறைகளையும் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் பதிவு செய்துள்ளார்கள். உமர் (ரலி) தம் இறுதிக் காலத்தில் மீண்டும் சமப் பங்கீட்டையே விரும்பினார்கள் என்னும் செய்தியும் அதில் உண்டு.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. உமர் (ரலி) தம் மகன் அப்துல்லாஹ்வைவிட உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களுக்குக் கூடுதலாக நிர்ணயித்தார்கள். மகன் காரணம் கேட்டபோது, உஸாமாவின் தந்தை உன் தந்தையைவிட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அன்புக்குரியவராக இருந்தார் என்று விளக்கினார்கள். தகுதியை அளக்கும் கை தன் வீட்டின் பக்கம் சாயலாகாது என்னும் விதி அன்றே எழுதப்பட்டுவிட்டது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்விதி தலைகீழானது. கான் பகதூர், ராவ் பகதூர், சர் முதலிய பட்டங்கள் பெரிதும் ஆட்சிக்கு விசுவாசமாய் இருப்போரை அடையாளம் காட்டவே பயன்பட்டன. அதனாலேயே 1920இல் ஒத்துழையாமை இயக்கம் பட்டங்களைத் துறப்பதைத் தன் முதற்படிகளுள் ஒன்றாகக் கொண்டது. ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்துத் தாகூர் 1919லேயே ‘சர்’ பட்டத்தைத் துறந்திருந்தார். யூனானி மருத்துவப் பேரறிஞர் ஹகீம் அஜ்மல் கானும் அரசு அளித்த ‘ஹாதிகுல் முல்க்’ பட்டத்தைத் துறந்தார். மக்களோ அவரை ‘மஸீஹுல் முல்க்’ எனப் போற்றினர்.

இத்தகைய கசப்பான அனுபவத்தின் விளைவே அரசியலமைப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர வேறு பட்டங்களை அரசு வழங்கலாகாது என அது விதிக்கிறது. ஆயினும் 1954 ஜனவரி 2ஆம் நாள் பாரத ரத்னாவும் மூன்று வகுப்புகள் கொண்ட பத்ம விபூஷணும் நிறுவப்பட்டன. மறு ஆண்டே அம்மூன்று வகுப்புகளும் பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ எனப் பெயர் மாற்றம் பெற்றன. இவை வேறு பெயரில் வரும் பட்டங்களே என வாதிட்ட ஆச்சார்ய கிருபளானி, இவற்றை ஒழிக்க 1969இல் தனி மசோதா கொணர்ந்தார், அது நிறைவேறவில்லை. 1977இல் ஜனதா அரசு இவற்றை நிறுத்தியது. 1980இல் இவை மீண்டன. 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இவ்விருதுகள் பட்டங்கள் அல்ல, ஆகவே செல்லும். எனினும் பெயருக்கு முன்னோ பின்னோ இவற்றை இணைத்து வழங்கலாகாது எனத் தீர்ப்பளித்தது. அழைப்பிதழ்களிலும் சுவரொட்டிகளிலும் ‘பத்மஸ்ரீ’ என்பதைப் பெயரின் முன்னொட்டாக அச்சிடுவோர் இத்தீர்ப்பை அறியார் போலும்.

சட்டச் சிக்கல் இவ்வாறு தீர்ந்தது. தகுதிச் சிக்கல் தீரவில்லை. 1988இல் எம்.ஜி.ஆருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டபோது, தமிழ்நாட்டில் நடக்கவிருந்த தேர்தலே அதன் நோக்கம் என்ற விமர்சனம் எழுந்தது. அம்பேத்கருக்கு 1990லும் படேலுக்கு 1991லுமே அவ்விருது கிடைத்தது என்பதை எண்ணினால் அவ்விமர்சனத்தின் வலிமை புலப்படும். எம்.ஜி.ஆர். மீது ஏழை மக்கள் கொண்ட அன்பு மெய்யானதே. ஆனால் அளப்பவரின் நோக்கத்தில் ஐயம் எழும்போது, பெறுபவரின் மெய்யான தகுதியும் அந்த ஐயத்தின் நிழலில் மறைந்துபோகிறது.

மௌலானா அபுல் கலாம் ஆசாத் இதனை நன்குணர்ந்திருந்தார். மத்தியக் கல்வி அமைச்சராயிருந்த அவர், தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்போர் தாமே விருது பெறுவது முறையன்று எனக் கூறி, தமக்கு வழங்க முன்வந்த பாரத ரத்னாவை ஏற்க மறுத்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. 1955இல் நேருவுக்கும் 1971இல் இந்திரா காந்திக்கும் அவர்கள் பிரதமர்களாய் இருந்தபோதே அவ்விருது வழங்கப்பட்டது. நேருவுக்கு அளித்ததைப் பிரதமரின் பரிந்துரையின்றித் தாமே மேற்கொண்ட முடிவென இராஜேந்திர பிரசாத் வெளிப்படையாகக் கூறினார். இவ்வாறு தனியே விளக்கம் கூற நேர்ந்ததே ஆசாத் மறுத்ததன் நியாயத்தை உணர்த்தும். 1958இல் மறைந்த ஆசாதுக்கு 1992இல் அவ்விருது வந்து சேர்ந்தது. அதனால் அவர் உயர்ந்தாரா, விருது உயர்ந்ததா என்பதை வாசகரே அறிவர்.

அளப்பவரும் பெறுபவரும் ஒருவருக்கொருவர் கடன்படாதபோது விருது ஒளிர்கிறது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறை ஒழிப்புக்குச் சட்டமன்றத்தில் போராடியவர். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர். 1956இல் அவருக்குப் பத்ம பூஷண் வழங்கப்பட்டதில் எவருக்கும் ஐயமில்லை. மங்களூர்த் தெருக்களில் ஆரஞ்சுப்பழம் விற்ற சேமிப்பால் தம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அமைத்த ஹரேகள ஹாஜப்பாவும், உரிமை கோர ஆளற்ற உடல்களை அவரவர் சமய முறைப்படி அடக்கம் செய்துவந்த அயோத்தி மிதிவண்டிப் பழுதுபார்ப்பாளர் முஹம்மது ஷரீஃபும் 2020ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ பட்டியலில் இடம்பெற்றனர். இவர்களைச் சிறப்பித்து அரசு அடைந்த ஆதாயம் நற்பெயர் ஒன்றே.

நம் சமுதாய மேடைகளில் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்களுக்குப் பாரத ரத்னா வழங்கவேண்டும் என்னும் கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. அரசியல் நிர்ணய சபையில் தமிழின் உரிமைக்காகக் குரல் கொடுத்த அப்பெருமகனாருக்கு அத்தகுதி உண்டென்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் கோரிக்கையுடன் நம் கடமை முடிந்துவிடுகிறதா?

2016 முதல் பத்ம விருதுகளுக்கு எந்தக் குடிமகனும் இணையவழியே பரிந்துரை அனுப்பலாம். பரிந்துரைக்கப்படுபவரின் தொண்டை 800 சொற்களுக்குள் எழுதித் தரவேண்டும். நம் ஊர்களில் ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றிக் குர்ஆன் கற்பித்த ஆசிரியை, மகப்பேற்றுக்குத் துணைநின்ற முதியவள், வறண்ட நிலத்தில் பொதுக்கிணறு வெட்டிக் கொடுத்த வணிகர் எனத் தகுதியுடையோர் எத்தனையோ பேர். அவர்களுள் எத்தனை பேரைப் பற்றி 800 சொற்கள் எழுதுமளவுக்கு நம்மிடம் பதிவு இருக்கிறது? மஹல்லாப் பதிவேடுகள் திருமணத்தையும் மரணத்தையும் குறிக்கின்றன. இடைப்பட்ட வாழ்வைக் குறிப்பதில்லை.

கீழக்கரைச் சீதக்காதியை நாம் இன்றும் அறிவோம். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரையும் அறிவோம். எந்த அரசும் அவர்களை நமக்கு அறிமுகம் செய்யவில்லை. புலவர்களின் நன்றியே அறிமுகம் செய்தது. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்னும் கருத்தை நபிமொழி நமக்குப் போதிக்கிறது. அந்நன்றியின் முதல் வடிவம், நம்மிடையே வாழ்வோரின் தொண்டை அவர்கள் வாழும் காலத்திலேயே, பெயரும் ஊரும் ஆண்டும் பிழையாமல் எழுதிவைப்பதே. தில்லி அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் விடுப்பதும் அதன் பின்னர் நிகழட்டும்.