பெட்டியில ஒரு பேர், உள்ளே ஒரு பேர்: டிவிடி ரைட்டர் காலத்துக் கதை

முதல்ல ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன். வீட்டுப் பரண்ல பழைய லேப்டாப் ஏதாவது கிடக்குதா? டிவிடி போடுற தட்டோட வந்த லேப்டாப். அது இன்னும் உயிரோட இருந்தா, ஆன் பண்ணி டிவைஸ் மேனேஜருக்குப் போய்ப் பாருங்க. லேப்டாப் மேல ஒரு கம்பெனி பேர் இருக்கும். ஆனா டிவிடி டிரைவுக்கு நேரா பெரும்பாலும் ‘ஹெச்எல்-டிடி-எஸ்டி’ன்னோ ‘டிஎஸ்எஸ்டி கார்ப்’ன்னோ சம்பந்தமே இல்லாம ஒண்ணு இருக்கும். இதைப் பார்த்து வைரஸ்னு பயந்து டெலிட் பண்ணப் போன பையன் ஒருத்தன் இருந்தான். நான்தான்.

முதல் பேர், ஹிட்டாச்சியும் எல்ஜியும் சேர்ந்து 2000-ல் தொடங்கிய கூட்டு நிறுவனம். இரண்டாவது, தோஷிபாவும் சாம்சங்கும் 2004-ல் தொடங்கியது. உலகத்துல டிவிடி ரைட்டரை நிஜமாவே செஞ்ச கம்பெனிகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அவங்ககிட்ட மொத்தமா வாங்கி, முன்பக்க மூடியில தன் பேரைப் போட்டு வித்தவங்கதான் அதிகம். ஒரே ரைஸ் மில்லில் அரைச்ச அரிசி நாலு பிராண்ட் பையில் வருமே, அதே கதைதான். சோனி பேர் போட்ட சில சிடி ரைட்டர்களுக்குள்ள தைவானின் லைட்-ஆன் கம்பெனி டிரைவ் இருந்தது.

(வெளிநாட்டுக்காரங்க இதை ‘பர்னர்’னு சொல்வாங்க. நம்ம ஊர்ல யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ரைட்டர்தான். ‘சிடி போட்டுக் குடுங்கண்ணே’, அவ்வளவுதான்.)

இந்தக் கதைக்கு நான் வந்தது என் சித்தப்பா வழியா. திருமங்கலத்துல சின்னதா ஒரு ஸ்டூடியோ வச்சிருந்தார். 2004 வாக்குல கல்யாண வீடியோ கேசட்டுல இருந்து டிவிடிக்கு மாறிக்கிட்டிருந்த நேரம். ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு டிஸ்க். மாப்பிள்ளை வீடு, பொண்ணு வீடு, மேலூர்ல அத்தை, உசிலம்பட்டியில பெரியப்பா, துபாய்ல தம்பின்னு 15 செட் கேட்பாங்க. மொத்தம் 30 டிஸ்க். அவரோட ரைட்டர் 4எக்ஸ். ஒரு டிஸ்க் முடிய கிட்டத்தட்ட கால் மணி நேரம். 30 டிஸ்க்குக்கு ஏழரை மணி நேரம் ஒரு ஆள் பக்கத்துலயே உட்கார்ந்து தட்டை மாத்திக்கிட்டே இருக்கணும். தை மாசத்துல அந்த ஆள் நான். லீவு விட்டா போதும், பஸ் ஏத்தி விட்டுடுவாங்க.

அப்போ மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் சித்தப்பாகிட்ட ஒரு விஷயம் சொன்னார். “அண்ணே, உங்க ரைட்டர் பெட்டியிலதான் அந்தப் பேரு. உள்ள இருக்கிறது லைட்-ஆன். அதை 8எக்ஸ் ஆக்கிடலாம்.”

எப்படிக் கண்டுபிடிச்சார்? முன்பக்கத்தைப் பார்த்தார். விளக்கு எங்க இருக்கு, பட்டன் எங்க இருக்கு, தட்டு சிக்கினா ஊசி விட்டுத் திறக்கிற ஓட்டை எங்க இருக்கு. பேரை மாத்துறவங்க மூடியில அச்சடிக்கிறதைத்தான் மாத்துவாங்க, ஓட்டையை இடம் மாத்த மாட்டாங்க. அதுக்குன்னு புது அச்சு செய்யணும், காசு. அடுத்து, டிரைவை வெளியே எடுத்து மேல ஒட்டின ஸ்டிக்கரைப் பார்த்தார். அமெரிக்காவுல விக்கிற மின்னணுச் சாதனங்கள் பலதுக்கு எஃப்சிசி எண் உண்டு. அதன் முதல் எழுத்துகளை வச்சே நிஜமா யார் செஞ்சதுன்னு பல நேரம் தெரிஞ்சுடும்.

சரி, 4எக்ஸ் எப்படி 8எக்ஸ் ஆகும்? இங்கதான் விஷயம் சுவாரசியம். லைட்-ஆன் அந்தக் காலத்துல எல்டிடபிள்யூ-411எஸ், 811எஸ்னு ரெண்டு மாடல் வித்தது. முதலாவது 4எக்ஸ். இரண்டாவது பிளஸ் ஆர் டிஸ்க்கில் 8எக்ஸ். உள்ளே இருந்த இயந்திரம் ஏறத்தாழ ஒண்ணே. வித்தியாசம் ஃபர்ம்வேர்ல, அதாவது டிரைவுக்குள்ள ஒரு சிப்பில் பதிஞ்சு கிடக்கிற சின்ன புரோகிராம்ல. சிடி காலத்துலயும் இதே கூத்து நடந்தது. 40எக்ஸ் மாடலான எல்டிஆர்-40125எஸ்-ஐ 48எக்ஸ் மாடலா மாத்தினவங்க உலகம் முழுக்க இருந்தாங்க. என்இசி-யின் என்டி-2500ஏ டிரைவை, இரட்டை அடுக்கு டிஸ்க் எழுதுற 2510ஏ ஆக்கினாங்க. ஒரே பொருளை ரெண்டு விலைக்கு விக்க கம்பெனி போட்ட பூட்டு இது. நான் அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா பூட்டைத் திறந்தவங்களையும் திருடன்னு சொல்ல மாட்டேன், காசு குடுத்து வாங்கின சாமான்தானே.

ஃபர்ம்வேர் ஃபைல் ரொம்பச் சின்னது. பிரௌசிங் சென்டர்ல டவுன்லோட் பண்ணி ஒரே ஃபிளாப்பியில கொண்டு வந்துடலாம். அப்டேட் ஓடுற நேரமும் ஒரு நிமிஷத்துக்குள்ளதான். அந்த ஒரு நிமிஷத்துல கரண்ட் போச்சுன்னா டிரைவ் செங்கல். நம்ம பக்கத்துல இது சின்ன விஷயமா? சித்தப்பா ஈபி ஆபீஸுக்குப் போன் போட்டு “இன்னைக்கு ஷட்டவுன் இருக்கா சார்”னு கேட்டுட்டுத்தான் பட்டனை அமுக்கவே விட்டார். யுபிஎஸ் வேற இரவல் வாங்கி வச்சிருந்தார்.

வேலை செஞ்சது. ஒரு டிஸ்க் எட்டு நிமிஷத்துல வெளியே வந்தது. ஏழரை மணி நேர வேலை நாலு மணி நேரத்துல முடிஞ்சது. நான் விளையாடப் போனேன்.

இன்னொரு வரவும் இருந்தது. பிளஸ் ஆர் டிஸ்க்கைப் பழைய டிவிடி பிளேயர் சிலது ஏத்துக்காது. ‘நோ டிஸ்க்’னு காட்டும், கஸ்டமர் கடையில வந்து நிப்பாங்க. அதுக்கும் ஒரு வழி இருந்தது. டிஸ்க்கில் ‘நான் என்ன வகை’ன்னு சொல்ற ஒரு குறிப்பு இருக்கும். பிளஸ் ஆர்ல எழுதும்போது அதை மாத்தி, கடையில விக்கிற அசல் சினிமா டிவிடி மாதிரி ‘டிவிடி-ரோம்’னு சொல்ல வைக்கலாம். பிளேயர் நம்பிடும். பொய்ப் பேர் டிரைவோட நிக்கல, டிஸ்க்குக்கும் வந்துடுச்சு.

டிஸ்க் விஷயம்தான் எனக்கு முக்கியம். நீங்க வாங்கின வெற்று டிஸ்க் மேல இருந்த பேரும் பல நேரம் அசல் பேர் இல்லை. அப்போ உலகத்துலயே பெரிய டிஸ்க் தயாரிப்பாளர்கள்ல ஒண்ணு நம்ம நாட்டு மோசர் பேயர். 1983-ல் டெல்லியில தொடங்கிய கம்பெனி. 28 ரூபாய்க்கு சினிமா விசிடி வித்தாங்களே, அவங்கதான். வெளிநாட்டு பிராண்டுகளுக்கும் டிஸ்க் செஞ்சு குடுத்தாங்க. டிஸ்க்கின் உள்வட்டத்துல தயாரிப்பாளர் குறியீடு பதிஞ்சிருக்கும். டிவிடியில ‘எம்பிஐ’ன்னு தொடங்கினா மோசர் பேயர். ரைட்டர் முதல்ல படிக்கிறது இதைத்தான். ஃபர்ம்வேருக்குள்ள ஒரு பட்டியல் இருக்கும்: இந்தக் குறியீடுன்னா லேசரை இப்படிச் சுடு, இந்த வேகம் வரை போ. பட்டியல்ல இல்லாத டிஸ்க்குன்னா மெதுவாப் போகும். வேகம் கூட்டின ஃபர்ம்வேர் பலதும் இந்தப் பட்டியல்லதான் கை வச்சது.

சிக்கல் என்னன்னா, நல்ல கம்பெனி குறியீட்டைத் திருடிப் போட்ட மட்டமான டிஸ்க்கும் சந்தையில இருந்தது. டிரைவ் பேரை நம்பி, அந்தப் பேருக்கான வேகத்துல எழுதும். எழுதினது சரியா விழுந்துச்சான்னு பார்க்க ‘கேபுரோப்’னு ஒரு புரோகிராம் இருந்தது. லைட்-ஆன் டிரைவை வச்சுப் பிழைகளை எண்ணிக் காட்டும். சித்தப்பா ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். கோடு மேல போனதைப் பார்த்துட்டு, “டிவியில ஓடுதுல்ல, விடுடா”ன்னுட்டார். கஸ்டமர் வாசல்ல நிக்கிறப்போ வேற என்ன சொல்வார்?

இதுக்கு நடுவுல 2004-ல தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்துல வீடியோ திருட்டையும் சேர்த்தது. விசாரணை இல்லாம ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். வேகமான ரைட்டரும் கட்டு கட்டா டிஸ்க்கும் இருக்கிற கடை, வெளியில இருந்து பார்க்க எப்படித் தெரியும்? சித்தப்பா பொண்ணு மாப்பிள்ளை படம் போட்ட ஸ்டிக்கரை ஒவ்வொரு டிஸ்க் மேலயும் ஒட்ட ஆரம்பிச்சார். அழகுக்கும்தான், ‘இது கல்யாண வீடியோதான் சார்’னு சொல்றதுக்கும்தான். வேகமாச் சுத்துற டிஸ்க்கில் பேப்பர் ஒட்டினா எடை ஒரு பக்கம் சாயும்னு அப்போ அவருக்குத் தெரியாது. எனக்கும்தான்.

மோசர் பேயரைக் கலைக்கச் சொல்லி 2018-ல உத்தரவு வந்தது. சித்தப்பா ஸ்டூடியோ அதுக்கு முன்னாடியே மூடியாச்சு. போன மாசம் எங்க அத்தை கல்யாண டிஸ்க்கை எடுத்தேன். 8எக்ஸ்ல, நானே தட்டுல வச்சு எழுதினது. டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படும். வெளி ஓரம் போகப் போகப் பிழைகள் கூடுறது வழக்கம். முதல் டிஸ்க்கு முழுசா வந்தது. பெண் அழைப்பு, தாலி கட்டுறது எல்லாம் இருக்கு. ரெண்டாவது டிஸ்க்கு பாதிக்கு மேல படிக்கல. அதுலதான் பந்தி. எங்க தாத்தா அன்னைக்கு முழுக்கப் பந்தியில நின்னு, பேர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வச்சுக்கிட்டிருந்தார். அவர் குரல் வேற எதுலயும் இல்லை. மினிடிவி கேசட்டை அப்பவே அழிச்சு அடுத்த கல்யாணத்துக்குப் போட்டாச்சு.

சித்தப்பாவுக்குப் போன் பண்ணினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், “உசிலம்பட்டிப் பெரியப்பா செட்டு மொதல்லயே போட்டதுடா, ஃபர்ம்வேர் மாத்துறதுக்கு முன்னாடி. அது 4எக்ஸ்” அப்படின்னார். பெரியப்பா வீட்ல கேட்டேன், டிவி ஸ்டாண்டு டிராயர்ல எங்கயோ இருக்கணும்னாங்க. ஞாயித்துக்கிழமை போறேன். பழைய லைட்-ஆனை சித்தப்பா இன்னும் தூக்கிப் போடல, அதையும் பையில வச்சுக்கிட்டு.