நள்ளிரவில் கையெழுத்தான சமாதானம்

கோலார் தங்கவயலில் 1880 முதல் சுரங்கம் நடத்தியது லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி. ஆனால் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து சாம்பியன் ரீஃப், உரிகாம் லைன் வீடுகளில் குடியேறிய கத்தோலிக்கத் தொழிலாளிகளின் மேற்றிராணியார் ஆங்கிலேயர் அல்ல, பிரெஞ்சுக்காரர். தங்கவயல் அப்போது மைசூர் மறைமாவட்டத்தில் இருந்தது. அதை நடத்தியவர்கள் பாரிஸ் வேதபோதகக் குருமடத்துக் குருக்கள். பிரெஞ்சுப் புரட்சி இழுத்து மூடிய குருமடம் அது. மறுபடி அது திறந்த கதையைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டும்.

1789 நவம்பரில் திருச்சபைச் சொத்துகள் தேசத்தின் உடைமையாயின. மறு ஆண்டு, குருக்கள் அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. மறுத்தவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். 1792-ல் குருப்பட்டம் பெற்ற, அந்தப் பாரிஸ் குருமடத்தைச் சேர்ந்த துய்புவா என்ற இளைஞர் அதே ஆண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும், திப்புவின் ஆட்சியில் சிதறிப்போயிருந்த மைசூர் கிறிஸ்தவர்களைத் திரட்ட அவர்தான் போனார். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்களின் கைதியாக வலென்ஸ் நகரில் பாப்பரசர் ஆறாம் பயஸ் இறந்தார். பாப்பரசர் பதவியே முடிந்தது என்று ஐரோப்பாவில் பலர் நினைத்தார்கள்.

நெப்போலியன் அப்படி நினைக்கவில்லை. அவர் பக்திமான் அல்ல. ஆனால் பிரான்சின் வாந்தே பகுதி விவசாயிகள் தங்கள் குருக்களுக்காக ஆயுதம் எடுத்ததைப் பார்த்தவர். கோவிலைப் பூட்டி நாட்டை ஆள முடியாது என்று அவருக்குப் புரிந்திருந்தது. புதிய பாப்பரசர் ஏழாம் பயஸின் செயலாளர் கர்தினால் கொன்சால்வி சமாதான உடன்படிக்கை பேச 1801 ஜூனில் பாரிஸ் வந்தார்.

ஜூலை 13 மாலை, நெப்போலியனின் அண்ணன் ஜோசப் வீட்டில் கையெழுத்துக்கு எல்லாம் தயார். நீட்டிய பிரதியைக் கொன்சால்வி படித்துப் பார்த்தார். பேசி முடித்த வாசகம் அதில் இல்லை! பேனாவைத் தொட மறுத்துவிட்டார். ஜூலை 14 விழாவில் சமாதானத்தை அறிவிக்க ஆசைப்பட்ட நெப்போலியன், விருந்தில் எல்லார் முன்னிலையிலும் அவர்மேல் சீறினார். கர்தினால் அசையவில்லை. சிக்கல் ஒரே விதியில்தான்: பொது வழிபாடு போலீஸ் ஒழுங்குகளுக்குக் கட்டுப்படும் என்றது பிரெஞ்சுத் தரப்பு. பொது அமைதிக்குத் தேவையான ஒழுங்குகளுக்கு மட்டும் என்று அந்த அதிகாரத்துக்கு வரம்பு கட்டினார் கொன்சால்வி. 15-ம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது ஒப்பமாயிற்று.

விலை பெரியது. பறித்த சொத்து திரும்பாது. மேற்றிராணிமாரை நெப்போலியன் நியமிப்பார், பாப்பரசர் உறுதி செய்வார். குருக்களுக்கு அரசு சம்பளம். துன்பத்திலும் ரோமைக் கைவிடாத பழைய மேற்றிராணிமார் எல்லாரும் பதவி விலக வேண்டும் என்று பாப்பரசரே கேட்க நேர்ந்தது. எனக்கு மிகவும் வலிப்பது இந்த நிபந்தனைதான். போதாதென்று 1802-ல் ரோமைக் கேட்காமலே கூடுதல் விதிகளையும் நெப்போலியன் சேர்த்துவிட்டார். ஆனாலும் அந்த ஈஸ்டர் ஞாயிறன்று நோத்ர் தாம் பேராலயத்தில் அரசின் முன்னிலையில் பூசை நடந்தது. கொன்சால்வி செய்தது சரி என்றே சொல்வேன். பூசையில்லாத கிராமங்களை இன்னும் பத்தாண்டு காத்திருக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

1805-ல் நெப்போலியன் வேதபோதகக் குருமடத்தைத் திறக்க ஆணையிட்டார். பாப்பரசரைச் சிறைபிடித்த 1809-லேயே மறுபடி மூடினார். 1815-ல், பூர்போன் மன்னர் ஆட்சியில், அது நிலையாகத் திறந்தது. 1823-ல் தாயகம் திரும்பிய துய்புவா பின்னாளில் அதன் தலைவரானார். அங்கே பயின்றவர்கள்தான் மைசூர் மறைமாவட்டத்துக்கும் அதன் வழியே தங்கவயலுக்கும் வந்தார்கள். 1940-ல் பெங்களூர் தனி மறைமாவட்டமானது. தங்கவயல் அதில் சேர்ந்தது.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடிய பிறகு குடும்பங்கள் ஊர் ஊராகப் பிரிந்துவிட்டன. தாத்தா, பாட்டியின் ஞானஸ்நானச் சீட்டோ கல்யாணச் சீட்டோ உங்கள் பெட்டியில் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். ஒரு நகல் எடுத்துப் பங்குக் கோவிலில் கொடுத்து வையுங்கள்.