தாயகம் திரும்பியோரிடம் கேட்டுத் திட்டமிட வேண்டும்

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகப் பலர் நீலகிரிக்கு வந்தனர். அவர்களுக்கு வேலை தர 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டமே 1976இல் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'டேன்டீ' கழகமானது.

வேலை கிடைத்தது. ஆனால் குடியிருப்பு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஓய்வு பெற்றவர் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முதுமையில் எங்கே போவது என்பதே இன்றும் அவர்களின் பெரும் கவலை.

ஆகவே உதவித் திட்டங்களைச் சீர்செய்யும்போது ஓய்வு பெற்ற தொழிலாளர்கள், விதவைகள், சாதிச் சான்றிதழுக்கு அலையும் பிள்ளைகள், தொழிற்சங்கத்தார் ஆகியோரிடம் கேட்க வேண்டும். பந்தலூரிலிருந்து ஊட்டி கலெக்டர் அலுவலகம் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். எனவே அதிகாரிகளே தோட்டங்களுக்குச் சென்று, சொன்னதை எழுதிக்கொண்டு, எடுத்த முடிவை அங்கேயே வந்து அறிவிக்க வேண்டும்.

வளைகுடாவிலிருந்து வேலையிழந்து திரும்பும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கான திட்டங்களிலும் இதையே நாம் கேட்போம்.