பிடிக்கத் தெரிஞ்ச மெஷின், விடக் கத்துக்கிட்ட கதை

மாட்டுத் தீவனத்துக்காக வளர்க்குற மக்காச்சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி நிக்கும். அதை வெட்டுறது பெரிய வேலை இல்ல. வெட்டின தட்டை எந்தப் பக்கம் விழும்ங்கறதுதான் சிக்கல். கோதுமை அறுக்குற மெஷின் இங்க திணறிடும்.

1892-ல அமெரிக்காவின் இல்லினாய்ஸைச் சேர்ந்த ஏ. எஸ். பெக் சோளத்தட்டையை வெட்டிக் கட்டுற மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். இந்த வகை மெஷின்களோட சூத்திரம் ஒண்ணுதான்: முதல்ல பிடி, அப்புறம் வெட்டு. முன்னாடி இருக்குற ரெண்டு கூம்பு சாய்ஞ்ச தட்டையை நிமிர்த்தும். சங்கிலிகள் அதைப் பிடிச்சுக்கும். அப்புறம்தான் அடியில கத்தி விழும்.

அடுத்த தலைமுறை, வயல்லயே துண்டு போடுற மெஷின். தட்டை அடிப்பக்கம் முன்னால வர்ற மாதிரி உருளைகளுக்கு நடுவுல போகணும். உருளை ஒரே வேகத்துல ஊட்டினாதான் துண்டு ஒரே அளவா வரும். அப்பதான் குழியில காத்து இல்லாம அமுக்கி, தீவனம் கெடாம வைக்க முடியும்.

ஆனா விடாம இழுக்குற அந்தக் குணம்தான் ஆபத்து. அடைப்பு எடுக்க, எஞ்சினை நிறுத்தாம இறங்கி, மாட்டின தட்டையை இழுப்பாங்க. உருளை திடீர்னு பிடிச்சா, கையை விடுறதுக்குள்ள கையும் உள்ளே போயிடும். இப்படிக் கையை இழந்த விவசாயிகள் நிறைய.

பின்னாடி வந்த தீர்வு எளிமையானது: உட்கார்ந்த இடத்துலேருந்தே உருளையைத் திருப்பிச் சுத்தவிடுற வசதி. பிடிக்கறதை 1890-கள்லயே கத்துக்கிட்ட மெஷின், விடக் கத்துக்கப் பல பத்தாண்டு ஆச்சு. அந்த இடைவெளிக்கு விலை கொடுத்தது மனுஷக் கைகள்தான்.